முட்டுக்கட்டையின் பெருமை

அரசியல் மேடைகளில் ‘முட்டுக்கட்டை’ என்பது வசைச்சொல். நல்ல காரியம் ஒன்றை நடக்கவொட்டாமல் தடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று ஏசுகிறோம். தேரோட்டம் கண்டவர்களோ அச்சொல்லை அவ்வளவு எளிதில் இகழமாட்டார்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும்போது, உருண்டுவரும் சக்கரத்தின் அருகே உயிரைப் பணயம் வைத்து நின்று, சமயமறிந்து கட்டையைச் செருகுகிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் கை தவறினால் தேர் வீதி முனையில் திரும்பாது; வீட்டுத் திண்ணையில் ஏறும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின் வடம் பிடித்தவர்களைப் பற்றி ஊர் பேசும். கட்டை போட்டவனைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

கட்டிடத் தொழிலிலும் இத்தகைய முட்டு உண்டு. பழைய கட்டிடமொன்றின் அடியில் தோண்டவேண்டி நேரும்போது, அதன் பாரத்தைச் சில நாட்களோ சில ஆண்டுகளோ தன்மேல் ஏற்று நின்று, புதிய அஸ்திவாரம் அமைந்தவுடன் அகற்றப்பட்டு, யாருடைய நினைவிலும் நில்லாமல் மறைந்துபோவது அது. நிலையான ஒன்றைக் காக்கும்பொருட்டுத் தான் நிலையற்றதாய் இருப்பதே அதன் தர்மம்.

இத் தற்காலிகத் தாங்கலைப் பற்றி இன்று நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நகரங்களின் அடியில் ரயில் பாதைகளும் குழாய்களும் அமையும் காலம் இது. முன்னோர் கட்டிவைத்த கட்டிடங்களின் அருகிலும் அடியிலும் மண் அள்ளப்படுகிறது. எஸ்டிமேட்டில் முட்டுக்கென்று ஒதுக்கும் தொகையை வீண் செலவென்று கருதும் மனப்பான்மை, கண்டிராக்டர்களிடம் மட்டுமன்றிப் பொதுப் பணத்துக்குக் காவலாயிருப்போரிடமும் எளிதில் தோன்றக் கூடியது. வேலை முடிந்ததும் பிடுங்கி எறியப்போகும் பொருளுக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அக்கேள்வி தவறான சிக்கனத்தின் குரல் என்பது நமது துணிபு. இதனை நிலைநாட்ட, இங்கிலாந்து தேசத்தில் வின்செஸ்டர் நகரத்துப் பெரிய தேவாலயத்துக்கு நேர்ந்த கதையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

சேற்றின்மேல் ஒரு கோயில்

வின்செஸ்டர் தேவாலயத்தின் வேலை 1079ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1093இல் அது வழிபாட்டுக்கு உரியதாக்கப்பட்டது. நீளத்தில் ஐரோப்பாவின் மத்தியகாலத் தேவாலயங்களுள் முதல் வரிசையில் நிற்பது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுமார் 170 மீட்டர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கீழ்க்கோடியை மேலும் நீட்டிக் கட்டினார்கள். வம்பு அங்கேதான் பிறந்தது. ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கிலுள்ள அந்நிலம் ஈரமிக்கது. மேலே களிமண், அதன்கீழ்ப் பன்னெடுங்காலமாகப் புல்லும் செடியும் மக்கிக் கருத்துப்போன சதுப்புக்கரி, அதற்கும் கீழே சென்றால்தான் உறுதியான சரளை. சரளைவரை நீரை இறைத்துத் தோண்டும் சக்தி அக்காலத்துக் கொத்தர்களிடம் இல்லை. ஆகையால் ‘பீச்’ என்னும் மரத்தின் கட்டைகளைத் தெப்பம்போல் பரப்பி, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள்.

அவர்களை நாம் குறைகூறவில்லை. தங்களிடமிருந்த கருவிகளைக்கொண்டு தாங்கள் அறிந்தவாறு செய்தார்கள். அது எழுநூறு ஆண்டுகள் நின்றது. ஆயினும் பாரம் ஏற ஏறச் சதுப்புக்கரி நசுங்கும் இயல்பினது; அதுவும் ஒரேயளவாக நசுங்காது. ஓரிடத்தில் ஒரு சாணும் மற்றோரிடத்தில் ஒரு முழமும் இறங்கினால் மேலே நிற்கும் சுவர் என்ன பாடுபடும்! 1905ஆம் ஆண்டில் நிலைமை முற்றிவிட்டது. சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தன. கைநுழையும் அளவு வெடிப்புகள் கண்டன. மேற்கூரையின் கல் வளைவுகள் உருக்குலைந்து கல்துண்டுகள் உதிர்ந்தன. தேவாலயத்தின் சிற்பநிபுணர் தாமஸ் ஜாக்சன், சுரங்க வேலைகளில் பேர்பெற்ற எஞ்சினீயர் பிரான்ஸிஸ் பாக்ஸ் என்பவரை ஆலோசனைக்கு அழைத்தார்.

தீர்ப்பு எளிதாகவே கிடைத்தது: சுவரின் அடியிலுள்ள மரக்கட்டைகளையும் சதுப்புக்கரியையும் அப்புறப்படுத்தி, சரளைவரை இறங்கி, அங்கிருந்து புதிய அஸ்திவாரத்தை எழுப்பவேண்டும். ஆனால் மேலே கோயில் நிற்கிறது. நிற்கின்றவனுடைய காலடி மண்ணை அவன் விழாதவாறு மாற்றுவது எவ்வாறு? கேள்வியின் முழுக் கடுமையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கூறு கூறாகத் தோண்டுதல்

சுவரின் பாரம் நேரே கீழ்நோக்கி மண்ணில் இறங்குகிறது. சுவரின் அடியில் ஒரு சிறு கூறு மண்ணை மட்டும் எடுத்துவிட்டால், அவ்விடத்துப் பாரம் ஒரு வளைவுபோல் இருபுறமும் பிரிந்து பக்கத்து மண்ணில் இறங்கிக்கொள்ளும், சுவர் நிற்கும். எடுத்த கூறு பெரிதாயினோ வளைவு தாங்காது, சுவர் பிளக்கும். ஆதலின் ஒரே சமயத்தில் நான்கைந்து அடி அகலத்துக்கு மேல் திறப்பதில்லை என்பது இத்தொழிலின் முதல் விதி. ஒரு குழியைத் திறந்து, புதிய அஸ்திவாரத்தைக் கட்டி, அது கெட்டிப்பட்ட பிறகே அதன் அண்டைக் குழியைத் தொடலாம். இடையில் வேலை நிற்காதிருக்க வேண்டுமானால், தொலைவில் வேறொரு குழியைத் திறப்பார்கள். அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் உதவாது.

இரண்டாவது விதி, தோண்டுமுன் தாங்கு என்பது. சாய்ந்துவரும் சுவருக்கு வெளியிலிருந்து பெருமரங்களைச் சாய்வாக நிறுத்தி முட்டுக் கொடுப்பார்கள். உள்ளே கல் வளைவுகளின் கீழ் மரத்தினால் வளைவுச் சாரம் அமைத்து அவற்றை ஏந்திக்கொள்வார்கள். சில இடங்களில் சுவரையே துளைத்துக் குறுக்காக உத்திரத்தைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் தோண்டாத மண்ணின்மேல் நிற்கும் கால்களில் ஏற்றிவிடுவதும் உண்டு. அப்பொழுது சுவரின் பாரம் மண்ணைவிட்டு உத்திரத்துக்கு மாறிவிடும். குழியின் பக்கங்கள் சரியாதபடி பலகைகள் அடைக்கப்படும். தளர்ந்த சுவரின் உள்ளே உள்ள பொந்துகளில் சிமிண்டுக் குழம்பைக் காற்றழுத்தத்தால் செலுத்தி, முதலில் சுவரை ஒரே உடலாகப் பிணைப்பார்கள். நோயாளியைச் சத்திர சிகிச்சைக்குமுன் பலப்படுத்துவது போன்றது இது.

மூன்றாவது விதி, மாற்றிக்கொடுத்தலைப் பற்றியது. புதிய அஸ்திவாரம் கட்டியாகிவிட்டது என்பதனால் அது பாரத்தைத் தாங்கத் தொடங்கிவிட்டதாகாது. புதியதற்கும் பழைய சுவரின் அடிக்கும் இடையே ஒரு விரற்கடை வெற்றிடம் இருந்தாலும், முட்டை எடுத்த மறுகணமே சுவர் அந்த விரற்கடைக்கு இறங்கும், வெடிக்கும். ஆகவே அவ்விடைவெளியில் சாந்தும் கல்லும் ஆப்பும் இறுக்கி அடிக்கப்படவேண்டும். பிறகு முட்டின் ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, சுவர் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பாரத்தை மாற்ற வேண்டும். இதற்காக வெடிப்புகளின்மேல் மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைப் பதிப்பது பழைய வழக்கம். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து சாட்சி கூறும். முட்டுக் கொடுப்பதற்கு வேண்டிய அறிவைவிட முட்டு எடுப்பதற்கு வேண்டிய பொறுமை பெரிது.

இருளில் ஒரு மனிதர்

வின்செஸ்டரில் இவ்விதிகளெல்லாம் கையாளப்பட்டும் வேலை தடைப்பட்டது. சதுப்புக்கரியை வெட்டியவுடன் சரளையிலிருந்து நீர் குபுகுபுவென்று பொங்கிக் குழியை நிரப்பிற்று. பெரிய பம்புகளை வைத்து இறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நீரோடு சேர்ந்து நுண்மணலும் வெளியேறும். தோண்டாத இடத்து மண்ணும் அடியிலிருந்து அரிக்கப்படும். காப்பாற்ற வந்தவர்களே கோயிலைக் கவிழ்த்தவர்களாவார்கள். ஆகவே நீரை இறைக்காமலே நீருக்குள் வேலை செய்வதென்று பாக்ஸ் தீர்மானித்தார். துறைமுகங்களில் நீர்மூழ்கி வேலை செய்து தேர்ந்த வில்லியம் வாக்கர் என்ற தொழிலாளி வரவழைக்கப்பட்டார்.

1906 முதல் 1911 வரை, ஐந்தாண்டுகளுக்கு மேல், நாள்தோறும் சுமார் ஆறுமணி நேரம் வாக்கர் அந்தக் குழிகளில் இறங்கினார். ஆழம் சில இடங்களில் ஏறத்தாழ 20 அடி. கரிமண் கலங்கிய அந்நீரில் விளக்கு ஏற்றியும் பயனில்லை. கண் இருந்தும் குருடர்போல் கைத்தடவலாலேயே எல்லாம் செய்யவேண்டியிருந்தது. செம்புத் தலைக்கவசமும் ஈயம் பதித்த பாதரட்சையும் சேர்ந்த அவருடைய உடை சுமார் 200 ராத்தல் எடை. அவ்வுடையை அணிவதும் களைவதும் பெரும்பாடு ஆகையால், உணவுவேளையிலும் தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். அடியில் இறங்கிச் சதுப்புக்கரியை வெட்டி மேலே அனுப்புவார். சரளை தட்டுப்பட்டதும் காங்கிரீட் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, மூட்டைகளைக் கிழித்து, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளச் செய்வார். அவ்வடுக்கு இறுகி நீரூற்றை அடைத்தபின், குழியிலுள்ள நீரை அபாயமின்றி இறைக்கலாம். பிறகு கொத்தர்கள் இறங்கிக் காங்கிரீட் கற்களாலும் செங்கல்லாலும் பழைய சுவரின் அடிவரை கட்டி இறுக்குவார்கள்.

இவ்வாறு கிட்டத்தட்ட 235 குழிகள். அத்திருப்பணியில் 25,000க்கு மேற்பட்ட காங்கிரீட் மூட்டைகளும், சுமார் 1,15,000 காங்கிரீட் கற்களும், 9,00,000 செங்கற்களும் சென்றன. மேலே நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். காற்றுப் பம்பைச் சுழற்றியவர்கள், மூட்டை கட்டியவர்கள், முட்டு நிறுத்திய தச்சர்கள் ஆகிய இவர்களுள் ஒருவர் கை ஓய்ந்தாலும் கீழே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. மேலே இருக்கும் கோயிலுக்கும் ஆபத்து. கோயில் விழவில்லை. 1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி அங்கு நடந்த நன்றி வழிபாட்டுக்கு அந்நாட்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்திருந்தார். வாக்கருக்கு அரச விருதும் அளிக்கப்பட்டது. 1918இல் உலகெங்கும் பரவிய விஷஜுரத்துக்கு அவர் இரையானார்.

சிலையில் நேர்ந்த பிழை

கதை இத்துடன் முடிந்திருந்தால் அதனை இத்துணை விரிவாக நாம் எழுதியிருக்கமாட்டோம். 1964ஆம் ஆண்டில் அத்தேவாலயத்தில் வாக்கருக்கு ஒரு சிறு சிலை அமைக்கப்பட்டது. நீர்மூழ்கும் உடை சரியாகவே இருந்தது. ஆனால் அவ்வுடைக்குமேல் இருந்த முகம் வாக்கருடையதன்று, எஞ்சினீயர் பாக்ஸினுடையது! பழைய புகைப்படத்தில் யார் எவர் என்று அடையாளம் காண்பதில் நேர்ந்த தவறு அது. பிழை திருத்தப்பட்டு, உண்மையான வாக்கரின் உருவச்சிலை நிறுவப்பட்டது 2001ஆம் ஆண்டில்.

இதனைப் பெரிய அநீதியென்று நாம் முழக்கமிட விரும்பவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. பாக்ஸும் தம் அறிவால் அக்கோயிலைக் காத்தவரே. ஆயினும் யோசித்துப் பாருங்கள். கைவேலை செய்தவனின் உடலின்மேல் கணக்கிட்டவரின் தலை ஏறிவிட்டது. முப்பத்தேழு ஆண்டுகள் அது மாற்றப்படாமல் இருந்தது. இத்தனைக்கும் அரசர் கையால் கௌரவம் பெற்றவர் வாக்கர். அவ்வளவும் பெறாத தச்சர்களையும் பம்பு சுழற்றியவர்களையும் பற்றி என்ன சொல்வது! இருளில் கிடந்து தாங்குவனவற்றையும் தாங்குபவர்களையும் மறந்துபோவது மனித சுபாவம். மறந்ததை மதிப்பதில்லை, மதிக்காததற்குப் பணம் ஒதுக்குவதில்லை. முட்டுக்குச் செலவழிக்கத் தயங்கும் மனப்பான்மையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிற்காலத்துச் சான்றுகள்

அது பழைய கதை, இன்று யந்திரங்கள் வந்துவிட்டன என்பார் உளர். யந்திரங்கள் வந்தன, விதிகள் மாறவில்லை. அதே இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பெருங்கோயிலின் நடுக்கோபுரம் சரியும் நிலையிலிருப்பது 1967இல் கண்டறியப்பட்டது. பெர்னார்ட் பீல்டன் என்ற சிற்பநிபுணரின் மேற்பார்வையில் 1972 வரை வேலை நடந்தது. கோபுரத்தின் தூண்களைச் சுற்றிலும் பகுதி பகுதியாகத் தோண்டி, பழைய அஸ்திவாரத்தைச் சூழக் காங்கிரீட்டினால் அகன்ற கச்சையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் ஊடுருவிப் பிணைத்தார்கள். தோண்டிய இடத்தில் ரோமானியப் படைமுகாமின் கட்டிடங்களும், நார்மானியர் கட்டிய பழைய கோயிலின் எச்சங்களும் வெளிப்பட்டன. எஞ்சினீயர்களுக்குக் குழியை விரைவில் மூடவேண்டும். புதைபொருள் ஆராய்ச்சியாளர்களுக்கோ அது திறந்திருக்கவேண்டும். இரு சாராரும் அந்த அபாயத்தினடியில் ஒன்றாகப் பணியாற்றியதன் பயனாக, அத்தேவாலயத்தின் அடியில் இன்று மக்கள் இறங்கிச் சென்று ஈராயிரம் ஆண்டுச் சரித்திரத்தைக் காண முடிகிறது.

லண்டனில் பார்லிமெண்டின் மணிக்கூண்டுக்கு அருகே, வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்துக்காக 1990ஆம் ஆண்டுகளில் சுமார் 40 மீட்டர் ஆழம் தோண்டினார்கள். கோபுரத்துக்கும் குழிக்கும் உள்ள தூரம் சுமார் 35 மீட்டரே. அங்கே மரமுட்டு இல்லை. கோபுரத்தின் கீழுள்ள களிமண்ணில் முன்கூட்டியே நீண்ட குழாய்களைச் செலுத்திவைத்து, கோபுரம் சாயத் தலைப்படும்போதெல்லாம் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சிமிண்டுக் குழம்பைப் பாய்ச்சி, இறங்கிய மண்ணை ஈடுசெய்தார்கள். சாய்வை இடைவிடாது அளந்துகொண்டே இருந்தார்கள். கட்டைக்குப் பதிலாகக் குழம்பு. கண்ணாடிப் பட்டைக்குப் பதிலாக நுண்கருவி. தோண்டுமுன் தாங்கு, தாங்கியபின் அள, அளந்தபின் அடுத்த அடி எடு என்ற விதி மட்டும் வாக்கர் காலத்தில் இருந்தவாறே இருந்தது.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

இது நமக்கு அந்நியமான விஷயமன்று. சென்னையின் சுரங்க ரயில் 2017இல் ஓடத் தொடங்கி, 2019இல் உயர் நீதிமன்றத்தின் அருகிலும் நிலையம் திறக்கப்பட்டது. அந்த நீதிமன்றக் கட்டிடம் 1892இல் எழுந்தது. இரண்டாம் கட்டப் பாதை மயிலாப்பூரையும் தன்னுள் அடக்கியது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய கட்டிடம் மெதுவான அசைவைப் பொறுத்துக்கொள்ளும். ஒருபுறம் மட்டும் திடீரென்று இறங்குவதைப் பொறுக்காது. கட்டியவர்கள் இல்லை; அவர்கள் அடியில் என்ன வைத்தார்கள் என்பதற்குப் பெரும்பாலும் வரைபடமும் இல்லை. ஆகவே பழைய கட்டிடத்தின் அருகே மண்வெட்டி விழுமுன் பொதுமக்களின் பிரதிநிதிகள் கேட்கவேண்டியவை சில உள.

முதலாவது, அடியிலுள்ள மண் எத்தகையது, அஸ்திவாரம் எதன்மேல் நிற்கிறது என்று ஒரு சிறு குழியாவது தோண்டிப் பார்த்தீர்களா? இரண்டாவது, வேலை நடக்கும் காலமெல்லாம் பாரத்தைத் தாங்கப்போவது எது. அதற்கென்று தனியே கணக்கும் தனியே பணமும் உண்டா. அன்றி மற்றச் செலவில் மிச்சம் பிடித்து அதைச் சரிக்கட்டுவதாக உத்தேசமா? மூன்றாவது, சுவரின் அசைவை அளப்பவர் யார். அளவு எல்லை கடந்தால் வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? இந்த மூன்றாவது கேள்வியே முக்கியமானது. அளப்பவனுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லாவிடில் அவனுடைய அளவு வெறும் எழுத்து. குறித்த தேதியில் திறப்பு விழா நடத்தவேண்டும் என்ற ஆத்திரம் அந்த அதிகாரத்தை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது விழிப்புள்ள குடிமக்களின் கடமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழியில் இறங்குகிறவனும் மனிதன். கட்டிடத்தைத் தாங்கும் முட்டிலும் குழியின் பக்கத்தை அடைக்கும் பலகையிலும் மிச்சம் பிடிப்பவன், கல்லை மட்டுமன்றி உயிரையும் பணயம் வைக்கிறான். அதுவும் பிறருடைய உயிரை. மண் சரிந்து கூலியாள் மாண்டான் என்ற செய்தியை நாம் எத்தனை முறை நான்கு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம்! அந்நான்கு வரிக்குப் பின்னால் பெரும்பாலும், கொடுக்காமல் விட்ட முட்டு ஒன்று இருக்கும்.

வின்செஸ்டர் கோயில் இன்றும் நிற்கிறது. அதன் சுவரைத் தாங்கிய மரங்களில் ஒன்றுகூட இன்று அங்கில்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. தாங்கவேண்டிய காலத்தில் அவை தாங்கின. ஒரு காரியம் நிலைபெறுவதற்கு இடைக்காலத்தில் எவர் பாரம் சுமக்கிறார்களோ அவர்களுக்குரிய செலவையும் மதிப்பையும் குறைக்காமல் கொடுக்கும் சமூகமே, முன்னோர் கட்டியதைப் பின்னோருக்குப் பழுதின்றிக் கொடுக்க வல்லது.